பத்தாவது நிமிடத்தில் நிற்கும் வண்டி

என் கணவர் விழுந்த அன்று வண்டியின் கார்புரேட்டர் எவர்சில்வர் தட்டு ஒன்றில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பது மணி இருக்கும். நான் உள்ளே சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்சியை நிறுத்தியபோது வெளியே ஸ்பேனர் தரையில் விழும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் ஸ்பேனர் விழுவது புதிதில்லை. விழுந்ததும் அவர் ஒரு திட்டுத் திட்டுவார். அன்று அந்தத் திட்டு வரவில்லை. அதனால்தான் எட்டிப் பார்த்தேன்.

வண்டியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போனதுபோலக் கிடந்தது. வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். பதில் சொன்னார். ஒரே சத்தத்தை மூன்று நான்கு முறை சொன்னார். அது எந்த மொழியிலும் ஒரு சொல்லாக இல்லை. தான் சரியாகத்தான் சொல்கிறோம், இவளுக்கு ஏன் விளங்கவில்லை என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. எனக்கு முப்பத்தெட்டு. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். ஹைதராபாத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர் பட்டான்செருவில் ஒரு மருந்து ஆலையில் பராமரிப்புப் பிரிவு எஞ்சினியர். நான் பேகம்பேட்டையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், மற்றவர்கள் எழுதும் புரோகிராம்களில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தேன். லோத்குண்டாவில் ராணுவத்தின் மதில் தெரிகிற மாதிரி, தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு. பிள்ளைகள் இல்லை.

வண்டி, அவர் பிறந்த வருடத்தில் செய்த ஒரு மோட்டார் பைக். தெருவில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற சிப்பாயிடமிருந்து வாங்கினார். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஞாயிறுகளில் அதைத் துடைப்பார், பிரிப்பார், மாட்டுவார், போவன்பள்ளி வரை போய்க் காய்கறி வாங்கி வருவார். அவர் விழுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்துதான் அதற்கு அந்த வியாதி. ஒரே உதையில் கிளம்பும். பத்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு திக்கும், இருமும், நின்றுவிடும். ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். கார்புரேட்டரில் எங்கோ அழுக்கு அடைக்கிறது என்பது அவர் முடிவு. மூன்று ஞாயிறும் அதைத்தான் கழற்றினார்.

ஆஸ்பத்திரியில் இருபது நாள். வலது கையும் காலும் பாதி திரும்பின. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, பதிலும் உள்ளே இருக்கிறது, அந்தச் சொல்லைப் போய் எடுக்கத்தான் முடியவில்லை என்று டாக்டர் விளக்கினார். முதலில் வந்த சொல் "நக்கோ". ஆலையில் இந்த ஊர்க்காரர்களோடு அவர்கள் உருதுவில் பேசிப் பேசிப் பழகியது. நர்ஸ் கஞ்சியை வாயருகே கொண்டுபோனபோது தெளிவாக, சத்தமாகச் சொன்னார்: "நக்கோ." வேண்டாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தமிழில் அவருக்கு மிஞ்சியது "நான்" என்பது மட்டும்தான்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு தெலுங்குப் பெண் வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். நல்ல பெண், பொறுமைசாலி. ஆனால் அவருடைய அட்டைகளெல்லாம் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. அவற்றின் பின்பக்கம் நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பசு, குடை, தம்ளர். ஆயிரம் உதிரிபாகங்களைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிய மனிதர், பசுவின் படத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். படங்களை விட்டுவிட்டு அவருக்குப் பிடித்த பொருட்களைக் காட்டிப் பேசச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குப் பிடித்த பொருள் போர்ட்டிகோவில் கார்புரேட்டர் இல்லாமல் நின்றது. அவர் விழுந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் தட்டிலிருந்த துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தார். காலையில் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தால் அவர் பார்வை வண்டியை விட்டு நகராது.

முதலில் போவன்பள்ளியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். பழைய வண்டிகளில் பெயர் எடுத்தவர். துண்டுகளைக் கழுவி, ஊதி, மாட்டி, ஓட்டிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் கழித்து வியர்வையோடு தள்ளிக்கொண்டு வந்தார். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது முறை, கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது, புதிதாக ஒன்று போட்டுவிடலாம் என்றார். நாற்காலியிலிருந்து "நக்கோ" என்று குரல் வந்தது. மெக்கானிக் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யே மேரே பஸ்கா நை, மேடம்," என்றார். தன்னால் ஆகிற காரியம் இல்லை என்று. கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் கையில் எடுத்தேன். தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவர் காலடியில் பாயை விரித்து ஒவ்வொரு துண்டாகக் கழற்றி அவருக்குத் தூக்கிக் காட்டுவேன். நாற்காலிக் கையில் இடது கையால் ஒரு தட்டு தட்டினால் சரி. இரண்டு தட்டு என்றால் தப்பு.

பெட்ரோல் வந்து நிற்கிற கிண்ணம், அதில் மிதக்கிற பித்தளை மிதவை, மிதவை ஏறினால் பெட்ரோலை அடைக்கிற ஊசி. அதற்கு மேல் ஜெட் என்கிற சின்னத் திருகுகள். ஒவ்வொன்றிலும் மயிர் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. துளையைக் குத்திவிட சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றினேன். இரண்டு தட்டு, பிறகு நாலைந்து தட்டு. ஊக்கு விட்டால் துளை பெரிதாகிவிடும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வாயால் ஊதினேன். பெட்ரோல் ருசி திங்கட்கிழமை ஆபீசில் சாப்பிடும்போதும் நாக்கில் இருந்தது. ஒரு முறை உள்ளே ஏறி இறங்குகிற உருளையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். கிளப்பியதும் வண்டி வெறிபிடித்ததுபோல அலறியது. அணைக்கத் தெரியாமல் நான் நிற்க, அவர் பாவம், நாற்காலியை அடி அடி என்று அடித்தார்.

உதைத்துக் கிளப்ப எனக்கு எடை போதாது. வண்டி திருப்பி உதைத்ததில் கெண்டைக்கால் இரண்டு வாரம் நீலமாக இருந்தது. எப்படியோ கிளம்பியது. போர்ட்டிகோவில் ஸ்டாண்டு போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டோம். நிற்கவே இல்லை. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஓட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினேன். ராணுவ மதிலோரம் போகும்போது பத்தாவது நிமிடம் திக்கியது, இருமியது, நின்றது. காவலுக்கு நின்ற சிப்பாய் அங்கே நிறுத்தக்கூடாது என்று கையைக் காட்டினார். வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன்.

எங்கள் கஷ்டம் முழுவதும் அங்கேதான் இருந்தது. வீட்டு வாசலில் வண்டிக்கு வியாதி இல்லை. ரோட்டில்தான் இருந்தது. ரோட்டுக்கு அவரால் வர முடியாது. ரோட்டில் நின்ற எனக்கு அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது. வந்து சொல்லவும் தெரியாது. ஆபீசில் தப்பு எங்கே, எப்படி, எத்தனையாவது படியில் வருகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவள் நான். இங்கே "நின்னு போச்சுங்க" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

ஒரு நாள் அவர் இடது கையைத் தூக்கி, கத்தியால் வெட்டுவதுபோலச் சட்டென்று இறக்கினார். பிறகு அதே கையை மெதுவாக, இலை விழுவதுபோல இறக்கினார். என்னைப் பார்த்தார். மறுபடி வெட்டு, மறுபடி இலை. எனக்கு விளங்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதையே காட்டினார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது ஒரு புதன்கிழமை திடீரென்று புரிந்தது. வண்டி சட்டென்று நிற்கிறதா, மெதுவாகச் சாகிறதா என்று கேட்டிருக்கிறார். சட்டென்று நின்றால் கரண்டுக் கோளாறு. மெதுவாக நின்றால் பெட்ரோல். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், இலை விழுவதுபோலக் கையை இறக்கிக் காட்டினேன். ஒரு தட்டு தட்டினார். கண்ணெல்லாம் பளபளத்தது.

அடுத்த வாரம் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பார்க் பிளக் கழற்றும் ஸ்பேனரை எடுக்க வைத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு போனேன். வண்டி நின்ற இடத்திலேயே பிளக்கைக் கழற்றி, ஈரமா காய்ந்திருக்கிறதா என்று பார்த்து வந்தேன். காய்ந்திருந்தது. அதாவது எஞ்சினுக்குப் பெட்ரோல் வரவில்லை. வீட்டுக்கு வந்து குழாயை உருவிப் பார்த்தால் டேங்கிலிருந்து தாராளமாகக் கொட்டியது. வருகிற பெட்ரோல் எங்கே போகிறது? நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"தொப்பி," என்றார்.

ஐந்து மாதத்தில் புதிதாக வந்த முதல் தமிழ்ச் சொல். ஜனவரி மாதம், காலைக் குளிர் இன்னும் விட்டிருக்கவில்லை. உள்ளே ஓடிப்போய் அவருடைய கம்பளிக் குல்லாயை எடுத்து வந்து காதுவரை இழுத்து மாட்டினேன். இடது கையால் அதைப் பிடுங்கி எறிந்தார். "தொப்பி," என்று மறுபடி சொன்னார். வண்டியின் பக்கம் கையை ஆட்டினார். வண்டிப் பக்கம் கையை ஆட்டுவது புதிதில்லை, எதற்கும் அப்படித்தான் ஆட்டுவார். ஹெல்மெட்டைச் சொல்கிறார், நான் போடாமல் போவதைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஹெல்மெட்டை எடுத்து வந்து என் தலையில் வைத்துக் காட்டினேன். இரண்டு தட்டு. "தொப்பி, தொப்பி." எழுந்திருக்கப் பார்த்தார். வலது கால் மடங்கியது. நான் பாய்ந்து தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். மறுபடி எழுந்தார். மறுபடி அழுத்தி உட்காரவைத்தேன்.

"என்னதானுங்க வேணும் உங்களுக்கு? வாயத் தொறந்து சொல்லித்தான் தொலைங்களே!"

சொல்லிவிட்டேன். சொன்னது என் காதில் விழுந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. கோபமில்லை. எழுந்திருக்கும் முயற்சியை விட்டுவிட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எல்லாவற்றுக்கும் நக்கோதான். காபி நக்கோ, சோறு நக்கோ, பயிற்சிக்கு வந்த பெண் நக்கோ. நாற்காலியை உள்ளே போடச் சொல்லிக் கையைக் காட்டினார். வண்டிப் பக்கம் திரும்பவில்லை. மன்னிச்சுக்கோங்க என்று நான் சொன்னேன். இரண்டு மூன்று முறை சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, அவர் படுத்திருந்தபோது, நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேறு எதையும் செய்ய எனக்கு வழி இல்லை. வழக்கம்போல மதிலைத் தாண்டியதும் நின்றது. பிளக்கைக் கழற்றக்கூட மனம் வரவில்லை. பெட்ரோல் இருக்கிறதா என்றாவது பார்ப்போம் என்று டேங்க் மூடியைத் திருகினேன்.

ஸ்ஸ் என்று காற்று உள்ளே இழுத்தது. யாரோ மூச்சை அடக்கி வைத்திருந்து விட்டதுபோல.

மூடியை மறுபடி மாட்டி உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பியது. பத்து நிமிடம் ஓடி, நின்றது. மூடியைத் திறந்தேன். ஸ்ஸ். மூடினேன், உதைத்தேன், கிளம்பியது.

அப்போதுதான் தெரிந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக வேண்டும். அதற்கு மூடியில் ஒரு துளை உண்டு. அது அடைபட்டிருக்கிறது. வாசலில் நின்றபடி ஓடும்போது பெட்ரோல் கொஞ்சமாகத்தான் இறங்கும், அதனால்தான் அங்கே நிற்கவில்லை. கார்புரேட்டரில் ஒரு குறையும் இல்லை. அவர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, வண்டியைத் தொடாமல், பிளக் காய்ந்திருக்கிறது என்ற ஒரே சேதியை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்கிறார். மூடி என்ற சொல்லைத் தேடிப் போனவருக்குத் தொப்பி கிடைத்திருக்கிறது. கிடைத்ததைக் கொண்டு வந்து கொடுத்தார். நான் அவர் தலையில் குல்லாய் மாட்டினேன். மூடியைத் தொட்டுக் காட்ட எழுந்தவரை இரண்டு முறை பிடித்துத் தள்ளினேன். நாற்காலிக்கும் வண்டிக்கும் ஆறடி தூரம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு படுக்கைக்குப் போனேன். இடது கையில் வைத்தேன்.

"தொப்பி. இதானுங்களா?"

கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினார். கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குப் போனது.

பிறகு மூடியைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வாஷர். பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டியது. வண்டிக்கு வியாதி வருவதற்குச் சில நாள் முன்பு, பெட்ரோல் கசிகிறதென்று அவரே கத்தரியால் வெட்டி மாட்டியது எனக்கும் நினைவு வந்தது. காற்றுத் துளையை அது மூடிக்கொண்டிருந்தது. அவர் வாஷரைத் தொட்டார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "நான்," என்றார்.

வாஷரை எடுத்து எறிந்துவிட்டு வேறு போட்டேன். வண்டி ஓடியது. பத்து நிமிடம், இருபது நிமிடம், போவன்பள்ளி போய்த் திரும்புகிற வரை. மெக்கானிக்கிடம் சொன்னபோது நெற்றியில் அடித்துக்கொண்டார். முதலில் பார்க்க வேண்டிய இடம், எல்லோரும் கார்புரேட்டர் கார்புரேட்டர் என்று சொன்னதில் தனக்கும் தோன்றாமல் போயிற்று என்றார்.

வண்டி சரியானால் அவரும் ஒரு படி ஏறுவார் என்று நான் உள்ளுக்குள் நம்பியிருந்திருக்கிறேன். அப்படி நடக்கவில்லை. ஆக்சிலரேட்டர் வலது கையில், கியர் வலது காலில், அவரால் ஓட்ட முடியாது. ஒரு முறை பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிவிட, என் பின்னால் உட்காரவைத்துத் தெருமுனை வரை போனேன். வலது பக்கமாகச் சரிந்துகொண்டே வந்தார். என் இடுப்பைப் பிடித்த இடது கையின் நகம் சதையில் இறங்கியது. பயந்து நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் மறுபடி போகலாமா என்று கேட்டேன். நக்கோ.

கோளாறு இருந்தவரை ஞாயிறுக்காக அவர் காத்திருந்தார். அது தீர்ந்ததும் எங்களுக்குள் கேட்கவும் சொல்லவும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. காலையில் நாற்காலி போட்டால் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். நான் வேண்டுமென்றே ஏதாவது ஒரு திருகைத் தளர்த்திவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். செய்யவில்லை. அவருக்குத் தெரிந்துவிடும்.

மழைக்காலம் தொடங்கும்போது மெக்கானிக் வந்து, வண்டி சும்மா நின்றால் துருப்பிடிக்கும், தானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். ஒரு தட்டு. நிஜமாகவா என்றேன். ஒரு தட்டு. மூன்றாவது முறையும் கேட்டேன். எரிச்சலாக, பலமாக ஒரு தட்டு.

மெக்கானிக் உதைத்துக் கிளப்பி, தலையை ஆட்டிவிட்டுப் போனார். சத்தம் தெருமுனையில் திரும்பி, மெயின் ரோட்டு லாரிகளுக்குள் கலந்தது. அப்போது நாற்காலியிலிருந்து அவர் ஏதோ சொன்னார். நீளமாக, ஒரு வாக்கியம் போல. நான் குனிந்து, என்னங்க என்று கேட்டேன். மறுபடி சொன்னார். இந்த முறை வேறு மாதிரி இருந்தது. மூன்றாவது முறை சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டு, கையை ஆட்டினார். தூறல் விழ ஆரம்பித்தது. நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டேன்.